மூன்று கலியாணம், ஒரு பெர்மிட்: வன்னிக் குடும்பமொன்றில் சமபங்கு மாறிய விதம்

இந்த ஆய்வில் வரும் குடும்பத்தை எந்த ஊரிலும் தேட வேண்டாம். இலங்கையின் வடக்கே வன்னியில், வவுனிக்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒரு கொடிவழியாகக் கோத்து அமைத்த மாதிரிக் குடும்பம் இது. உள்ளே வரும் தொகைகளும் கணக்கு விளங்கப் போட்டவைதான். சட்டங்களும் அலுவலக நடைமுறைகளும் நாட்டில் உள்ளவை.

அம்மம்மா, அம்மா, மகள் ஆகிய மூவரும் ஒரே காணியில் குடும்பம் நடத்தியவர்கள். புருசன் பெண்சாதிக்குள் சமம் இருந்ததா என்று கேட்டால் மூன்று தலைமுறையும் ‘ஓம்’ என்றுதான் சொல்லும். அதனால் கேள்வியை மூன்றாக உடைத்தோம். வேலை யார் தலையில்? காசு யார் கையில்? கடதாசியில் பெயர் யாருடையது? இந்த மூன்றும் ஒரே வேகத்தில் மாறவில்லை. வேலை இரண்டு தரம் தலைகீழாக மாறியது. காசு பாதி மாறியது. பெயர் மாறவே அறுபது வருடம் எடுத்தது.

அம்மம்மாவின் காப்பு

1950களின் கடைசியில், தீவுப்பகுதியில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த சோடி. 3 ஏக்கர் வயல், குடியிருக்க மேட்டுக்காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம், ஊர்ப்பேச்சில் பெர்மிட், அம்மப்பாவின் பெயரில் வந்தது. குடும்பத்துக்கு ஒரு பெர்மிட், அதுவும் குடும்பத் தலைவர் பெயரில் என்பதுதான் வழக்கம். காடு வெட்டி, கட்டை கிளப்பி, வரம்பு போட்டது இருவரும்.

அவர் பெயரை அம்மம்மா வாயால் சொன்னதில்லை. ‘இஞ்சாருங்கோ’ என்பார். அவரும் ‘இஞ்சாரப்பா’ என்பார், கோபம் வந்தால் ‘இஞ்சை வா’. இதை வைத்து அந்த வீட்டில் பெண்ணுக்குச் சொல் இல்லை என்று முடிவு கட்டினால் பிழை. மாட்டுப்பால் காசு, முட்டைக் காசு, வளவுத் தேங்காய்க் காசு எல்லாம் அம்மம்மாவின் கொட்டப்பெட்டி என்ற சிறு பனையோலைப் பெட்டிக்குள்தான் போனது. அதில் அம்மப்பா கை வைத்தால் கேட்டுத்தான் வைப்பார். நெல்லுக் காசு அவருடைய பக்கம். எல்லை தெளிவாக இருந்தது, இருவரும் அதை மதித்தார்கள்.

எல்லை கலங்கும் ஒரே மாதம் ஐப்பசி. காலபோகம் எனும் மாரி நெற்செய்கையின் விதைப்புக்கு உழவுகூலி வேண்டும், ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் வேண்டும், பிறகு பசளை. காசு மாசி, பங்குனியில் சூடு மிதித்த பிறகுதான் வரும். இடையில் உள்ள நாலைந்து மாதத்தை அடைத்தது அம்மம்மாவின் காப்புச்சோடி. ஐப்பசியில் அடகுகடைக்குப் போகும், நெல் விற்றதும் திரும்பி வரும். இருபது போகத்துக்கு மேல் அந்தக் காப்பு இப்படிப் போய் வந்தது. வயலின் கைமுதல் பெண்ணுடைய தங்கம், அடகுச்சீட்டில் ஆணின் பெயர், விளைச்சலும் ஆணின் பெயரில். போட்ட முதலுக்கு அவருக்குப் பங்கு என்று எவரும் பேசியதில்லை, அவர் உட்பட.

1960களின் நடுவில் தீவில் இருந்த சீதனக் காணியை விற்று உழவு இயந்திரம் வாங்கினார்கள். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் திருத்திய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பெண்ணின் சீதனம் கலியாணத்துக்குப் பிறகும் பெண்ணின் தனிச்சொத்து. அசையாச் சொத்தாக இருந்தால் அதை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. இன்றைக்கும் வடமாகாணத்தில் நிரந்தர வதிவிடமுள்ள தமிழர்களுக்கு இதுதான் சட்டம். கணவன் காரணமில்லாமல் மறித்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். இதையெல்லாம் அனேகமான பெண்கள் முதன்முதல் கேள்விப்படுவது நொத்தாரிசின் மேசைக்கு முன்னால் கதிரையில் இருக்கும்போதுதான்.

அதே சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தனிச்சொத்தை விற்ற காசில் வாங்கிய பொருள் தேடியதேட்டத்துக்குள், அதாவது கலியாணக் காலத்தில் தேடிய சொத்துக்குள், வராது. அது விற்றவரின் தனிச்சொத்தாகவே தொடரும். ஆனால் அதைக் காட்ட எழுத்து வேண்டும். உழவு இயந்திரத்தின் பதிவு அம்மப்பா பெயரில். காணி விற்ற காசுதான் அதில் போனது என்று ஒரு துண்டிலும் எழுதவில்லை. பத்து வருடம் போக, அது ‘அவரின்ரை மிசின்’ ஆகிவிட்டது.

அம்மாவின் காலம்: ஆள் இல்லாத வீட்டில் வந்த சமம்

அம்மாவுக்கு 1986இல் கலியாணம். மாப்பிள்ளை சங்கக்கடை மனேச்சர். எழுத்தும் (கலியாணப் பதிவு) தாலியும் ஒரே நாளில். அவர் மனைவியைப் பெயர் சொல்லி, ‘நீர்’ போட்டுக் கதைத்தவர். ‘நீர் என்ன நினைக்கிறீர்?’ என்று கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். ஒரு தலைமுறைக்குள் இது பெரிய தூரம்.

வேலையைப் புரட்டிப்போட்டது சண்டைக்காலம். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அளவுக்கு அல்லது இல்லை. தண்ணீர் மோட்டரை நாலு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது ஒரு கைப்பக்குவம். அம்மா அதை அப்பாவிடம் இருந்து பழகினார், பிறகு அப்பாவை விடத் திறமாகச் செய்தார். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது சனம் உள்ளே உள்ளே நகர்ந்தது. கொட்டில்களில் அப்பா அரிசி களைந்தார், பிள்ளை குளிப்பாட்டினார், பங்கருக்கு இருவரும் மாறி மாறி மண் அள்ளினார்கள். அப்படியான காலங்களில் ஆண்கள் அடுப்பை மூட்டியதை வன்னியில் கண்டவர்கள் ஏராளம்.

நாங்கள் அதிகம் யோசித்த இடம் இது. இரண்டு வருடம் கழித்து ஒரு நிரந்தர வளவில் ஓலைக் குசினி போட்டு இருந்தபோது அதே அப்பா குசினிப்பக்கம் போகவில்லை. அவர் மாறிப்போன ஆள் கிடையாது. கொட்டிலில் எல்லாமே ஒரே விரிப்புக்குக் கீழே கண்முன்னால் கிடந்தது. அரிசி கொதிப்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தே ஆகவேண்டும். குசினிக்குச் சுவர் வந்ததும் வேலை கண்ணில் இருந்து மறைந்தது. மறைந்த வேலை பழைய ஆளிடம் திரும்பிப் போனது. இடர்காலத்தில் வந்த பங்கீட்டை வாயால் பேசி உறுதி செய்யாவிட்டால் இடர் முடிய அதுவும் போய்விடும் என்பதை இந்த வீட்டில் மட்டும் காணவில்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பற்றிய தகவல் இல்லை. அம்மாவும் பிள்ளைகளும் மெனிக்பாம் முகாமுக்குப் போய், 2010இல் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு முடிவு எல்லாம் அம்மாவுடையது. கிராம அலுவலரிடம், கமநல சேவை நிலையத்தில், கமக்கார அமைப்பின் போகக் கூட்டத்தில் எல்லாம் அவர்தான் போய் நின்றார். ஆனால் முடிவு எடுக்கலாம், முடித்து வைக்க முடியாது. எங்கு போனாலும் கடதாசி மறித்தது.

அவரும் அப்பாவும் சேர்ந்து உழைத்து 1994இல் வாங்கிய 2 பரப்பு உறுதிக்காணி, அதாவது உறுதி எழுதி வாங்கிய சொந்தக் காணி, அப்பாவின் பெயரில் மட்டும் இருந்தது. தேடியதேட்டம் என்பதால், கணவன் இறந்தால் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. ஆனால் ‘இறந்தால்’ என்பதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய வழி விட்டது. அம்மா அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கச் சொல்லி ஒருவரை நெருக்கவும் கூடாது. 2016இல் வந்த திருத்தம் காணாமற்போனதற்கான சான்றிதழ் என்று ஒன்றைத் தந்தது. இறந்துவிட்டார் என்று சொல்லாமல் வங்கி, காணி அலுவல்களைக் கொண்டு நடத்த அது உதவும். அதற்கு இடையில் ஆறு வருடம் அந்தக் காணி பற்றைக்காடாகக் கிடந்தது. உறுதி எழுதும்போது வாங்குபவர் என்ற இடத்தில் இரண்டு பெயரைப் போட்டிருந்தால் பாதியாவது அன்றே அம்மாவின் கையில் இருந்திருக்கும்.

வயல் பெர்மிட்டின் கதை இன்னும் நீளம். அம்மப்பா 1983இல் பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பின் பெர்மிட்டுக்கு உரியவர், என்று யாரையும் நியமிக்காமல் இறந்தார். அம்மம்மாவுக்குச் சீவிய உரித்து வந்தது. ஆனால் நியமனம் இல்லாமல் வந்த அப்படியான துணைக்குத் தனக்குப் பின் யார் என்று நியமிக்கும் அதிகாரம் இல்லை. 2014இல் அம்மம்மா கண்மூட, சட்டத்தின் அட்டவணை மகனைத் தேடியது. பழைய அட்டவணையில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம், அதில் மூத்தவர் முன்னுக்கு. மூத்த மகன் கனடாவில். அந்த வயலில் இருபது போகத்துக்கு மேல் இறங்கி நின்ற மகள், அதாவது அம்மா, வரிசையில் பின்னால். அண்ணர் நல்ல மனிதர், தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் விசாரணை, காணிக் கச்சேரி என்று அலைந்து 2019இல்தான் பெர்மிட் அம்மாவின் பெயருக்கு வந்தது. 2022இல் வந்த திருத்தம் இந்த ஆண் முன்னுரிமையை நீக்கிவிட்டது. அண்ணர் எழுதிக் கொடுக்க மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால்தான் அந்தத் திருத்தத்தின் பெறுமதி விளங்கும்.

இடையில் 2013இல், அம்மம்மா இருக்கும்போதே, இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. போதாத காசுக்கு அம்மா நுண்கடன் எடுத்தார். குழுப் பிணை, கிழமைக்கு ஒருதரம் கட்டணம். இந்த ஆய்வில் எங்களை மிகவும் உறுத்திய விசயம் இங்கேதான் தெளிவானது. அம்மாவின் பெயர் அச்சடித்து வந்த முதல் கடதாசி கடன் கடதாசி. பெர்மிட்டில் அவர் பெயர் வர ஆறு வருடம் முன்னரே கடன் புத்தகத்தில் வந்துவிட்டது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது என்றால், அந்தப் பாரம் ஒரு வீட்டோடு நின்றதில்லை.

மகளின் கலியாணம்

2017. காதல், பிறகு இரு வீட்டுப் பேச்சு. நன்கொடை, அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் ரொக்கம், வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொன்னார். மகள் அறிவியல்நகர்ப் பக்கம் ஆடைத்தொழிற்சாலையில் சுப்பவைசர். மாப்பிள்ளை விசுவமடுப் பக்கத்தவர், லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரம் திருத்துவார், அம்மாவின் 3 ஏக்கரையும் பொறுப்பெடுத்தார். தனியே இருக்கும்போது இருவரும் ‘நீ’, பெயர்தான். மாமிக்கு முன்னால் ‘நீங்கள்’. ‘இரண்டு பேரும் சமமா இருப்பம்’ என்று எழுத்துக்கு முன்பே பேசி வைத்தார்கள். பேசியது உண்மையான விருப்பத்தோடுதான். ஆனால் எதை எப்படி என்று பேசவில்லை.

முதல் நாலு வருடம் சமம் நன்றாகவே நடந்தது போல் இருந்தது. காரணம் அம்மா. மகள் விடிய 4.15க்கு எழும்பி 6 மணிப் பஸ்ஸுக்குப் போவார், பின்னேரம் 6.30க்கு வருவார். 2019இல் பிள்ளை பிறந்தது. மத்தியானச் சோறு, பிள்ளையின் குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, கோழி, வளவு கூட்டல் எல்லாம் அம்மா. எஞ்சியதை இளையவர்கள் இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டில் சமம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் முதலில் அந்த வீட்டில் ஒரு அம்மா அல்லது மாமி இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முந்தின தலைமுறைப் பெண்ணின் கூலியில்லாத உழைப்புத்தான் பல இடங்களில் இளம் சோடியின் சமத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

முதல் வெடிப்பு அடகில் வந்தது. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை அறிவித்தார்கள். நவம்பரில் தளர்த்தினாலும் அந்தக் காலபோகத்துக்கு வேண்டிய நேரத்தில் யூரியா வரவில்லை. விதைப்புக்காக ஐப்பசியில் மகளின் 9 பவுணில் 6 பவுண் வங்கி அடகுக்குப் போயிருந்தது. கொண்டு போனவர் மகள், சீட்டு அவர் பெயரில். அம்மம்மா காலத்தில் அம்மப்பா பெயரில் இருந்த சீட்டு இப்போது பெண்ணின் பெயரில் வந்ததை முன்னேற்றம் என்று எண்ணலாம். நடந்தது இதுதான்: வெள்ளி இரவு ‘நாளைக்கு ஐடென்ரிகாட்டை எடுத்து வை, விதைப்புக்கு வைக்கவேணும்’ என்று கணவன் சொன்னார். மகளிடம் கேட்கப்பட்டது அடையாள அட்டை. சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்று கணவனுக்குத் தோன்றவில்லை, ஏனெனில் அவர் பார்த்து வளர்ந்த எல்லா வீட்டிலும் ஐப்பசியில் அப்படித்தான்.

கதிர் சோடையாகப் போனது. நகையை மூட்க, அதாவது அடகில் இருந்து மீட்க, முடியவில்லை. வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தார்கள், 2022இன் விலையேற்றத்தில் அதுவும் பிந்தியது. வங்கி அறிவித்தல் மகளின் பெயருக்கு வந்தது. ‘வயலுக்குத்தானே வச்சது, நான் குடிச்சே அழிச்சனான்?’ என்றார் கணவன். ‘வயலில என்ரை பெயர் எங்கை கிடக்கு?’ என்றார் மனைவி. இருவரும் சொன்னது சரி. கணவனுக்கும் அந்த வயலில் பெயர் இல்லை, பெர்மிட் மாமியுடையது. தன் உழைப்பை மாமியின் காணியில் போட்டுக்கொண்டிருந்த அவருடைய பயத்தை அதுவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது வெடிப்பு 2023இல். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. முட்டுக்கொடுத்த கட்டை விழ, மேலே இருந்தது இறங்கியது. மகள் வேலையை விடுவது என்ற பேச்சு ஒரு கிழமைக்குள் வந்துவிட்டது. கணவன் வயலை விடுவது என்ற பேச்சு எவர் வாயிலும் வரவில்லை.

திருத்தியது எப்படி

பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இருவரும் போனார்கள். இந்த வீட்டில் கைகொடுத்த முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், வேறு வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்பதால்.

முதலில் ஒரு 80 பக்கக் கொப்பி. நாளை அரை மணித்தியால வரிகளாகக் கோடு போட்டு, கணவனுக்கு ஒரு நிரை, மனைவிக்கு ஒரு நிரை, அம்மாவுக்கு ஒரு நிரை. நாலாவது நிரைக்குத் தலைப்பு ‘நினைச்சது ஆர்?’. பால்மா முடியப் போகிறது, பிள்ளைக்கு ஊசி போடும் நாள், செத்தவீட்டுக்கு யார் போவது, காஸ் சிலிண்டர் எப்ப மாற்றியது என்பதை யார் ஞாபகம் வைத்தார் என்று அதில் எழுதவேண்டும். ஒரு கிழமை போதாது. விதைப்பு அல்லது வெட்டு நடக்கும் கிழமை ஒன்று, வேலை குறைந்த கிழமை ஒன்று என இரண்டு வேண்டும். விதைப்புக் கிழமையில் மட்டும் எழுதினால் கணவன் பதினாலு மணித்தியாலம் வயலில் நிற்பார், இரவில் தண்ணி முறைக்கும் போவார், மனைவி வெட்கப்பட்டுக் கொப்பியை மூடிவிடுவார். வேலை குறைந்த கிழமையை மட்டும் எழுதினால் கணவன் மூடிவிடுவார்.

இதில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை இருந்து ஏழு நாளையும் ஞாபகத்தில் எழுதுவது முதலாவது. அவரவர் வேலைதான் அவரவருக்கு ஞாபகம் வரும், சண்டை கூடும். படுக்கப் போகமுன் அன்றன்று எழுதவேண்டும். மற்றது, பிள்ளைக்குப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்ததைப் பிள்ளை பார்த்ததாகக் கணக்கு வைப்பது.

இந்த வீட்டில் மணித்தியாலக் கணக்கு இரண்டு கிழமையையும் சேர்க்கப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. நாலாவது நிரை காட்டியது. அதில் கணவனின் பெயர் வயல், மோட்டர், லான்ட்மாஸ்டர் மூன்றுக்குமே வந்தது. மற்றதெல்லாம் மகளும் படுக்கையில் கிடந்த அம்மாவும். எலும்பு முறிந்து கிடந்தபடி கோழிக்குத் தீன் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். கணவன் அந்த நிரையைத்தான் கனநேரம் பார்த்தார். ‘நான் உதவி செய்யிறன்தானே’ என்று அதுவரை சொன்னவர். உதவி செய்பவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் முழுநேரமும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், நினைப்பதில் இருந்து முடிப்பது வரை முழுசாகக் கைமாற்றினார்கள். கணவனுக்கு மூன்று: பிள்ளையின் காலை, அதாவது எழுப்பல், சாப்பாடு, உடுப்பு, முன்பள்ளி. இரண்டாவது பலசரக்கு. மூன்றாவது அம்மாவின் கிளினிக் நாளும் மருந்தும். முதல் மூன்று கிழமை மோசமாகத்தான் போனது. பால்மா முடிந்து ஒரு நாள் பிள்ளை தேத்தண்ணியோடு முன்பள்ளிக்குப் போனது. அந்த இடத்தில் மகள் வேலையால் வரும்போது தானே வாங்கி வந்திருந்தால் பழைய நிலைதான். அவர் வாங்கவில்லை, வாயும் திறக்கவில்லை. அடுத்த கிழமையில் இருந்து குசினிக் கதவுக்குப் பின்னால் கணவனின் கையெழுத்தில் ஒரு சாமான் துண்டு தொங்கியது. பிள்ளையின் உயிருக்கு, உடம்புக்கு ஆபத்து வரக்கூடியதில் மட்டும் உடனே தலையிடலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

காசுக் கணக்கு இதைவிடச் சிக்கல். ஒருவருக்கு மாதச் சம்பளம், மற்றவருக்குப் போகத்துக்கு ஒருதரம். பாதி பாதி என்றால் ஐப்பசியில் கணவனால் முடியாது, பங்குனியில் மனைவிக்குக் கோபம் வரும். செய்த வழி இது. காலபோகத்தில் முதலில் வீட்டுச் சாப்பாட்டு நெல்லை ஒதுக்குவது. நாலு பேருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 30 புசல், அதாவது பத்து மூடை. மீதியை விற்று, உழவு, விதை, பசளை, மருந்து, வெட்டுமிசின் செலவெல்லாம் கழித்தால் மிஞ்சுவதை 6ஆல் வகுப்பது. 1,80,000 மிஞ்சினால் மாதம் 30,000. மகளின் கைச்சம்பளம் 40,000. விகிதம் 4க்கு 3. வீட்டுச் செலவு மாதம் 42,000 என்றால் மகள் 24,000, கணவன் 18,000. மீதி அவரவருடையது, அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. சிறுபோகத்தில், அதாவது கோடைச் செய்கையில், குளத்துத் தண்ணீரைப் பொறுத்துப் பங்கு குறையும், சில வருடம் இல்லாமலும் போகும். அந்த ஆறு மாதத்துக்கு விகிதத்தைத் திரும்பப் போடவேண்டும், திருத்து வேலை வருமானத்தையும் சேர்த்து. வருடம் முழுவதற்கும் ஒரே விகிதத்தைக் கட்டிக்கொண்டு இருந்த வீடுகளில் ஆவணிக்குள் கணக்கு முறிந்திருக்கிறது.

42,000க்குள் அம்மாவுக்கு 6,000 உண்டு. எழும்பி நடமாடத் தொடங்கியதும் பிள்ளையைப் பின்னேரத்தில் பார்ப்பதற்கு. அம்மா முதலில் வாங்க மாட்டேன் என்றார். ‘பேரப்பிள்ளையைப் பார்க்கக் காசோ?’ மகள் காசைக் கையில் கொடுக்காமல் அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் போடத் தொடங்கினார். இரண்டு மாதம் கழித்து அம்மா அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பொதுக் கணக்கை இருவர் பெயரிலும் திறக்கும்போது வங்கி ஒரு கேள்வி கேட்கும்: இருவரில் ஒருவர் கையெழுத்துப் போதுமா, இருவரும் வைக்க வேண்டுமா? அன்றாடச் செலவுக் கணக்குக்கு ஒருவர் போதும். விதைப்புக்காகச் சேர்க்கும் கணக்குக்கு இருவரும் என்று இவர்கள் தனியாக வைத்தார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் எந்த விதியும் சரிவராது.

அடகுக்கு நாலு விதி எழுதினார்கள். தாலிக்கொடியும் பிள்ளையின் நகையும் போகாது. இருப்பதில் பாதிக்கு மேல் போகாது. வைக்குமுன் எவ்வளவுக்கு, எதற்கு, எப்போது மூட்பது என்று கொப்பியில் இருவரும் கையெழுத்து. நெல் விற்ற காசில் சாப்பாட்டு நெல்லுக்கு அடுத்த செலவு மூட்பு, கடைக் கடனுக்கு முதல். நாலாவதில்தான் கணவன் இழுபறிப்பட்டார், ஏனெனில் மருந்துக்கடைக்காரர் அடுத்த போகத்துக்குக் கடன் தரமாட்டார் என்ற பயம். அது நியாயமான பயம். இருவருமாகப் போய்க் கடைக்காரருடன் பேசி, பாதியைப் பங்குனியிலும் பாதியைச் சித்திரையிலும் கட்ட ஒத்துக்கொண்டார்கள்.

பெயர் விசயம் கடைசியில். பெர்மிட் காணியை மகளுக்குச் சீதனமாக நொத்தாரிசு மூலம் எழுதலாம் என்று கலியாணப் பேச்சில் சொல்லியிருந்தார்கள். சட்டத்துக்கு மாறான அப்படியான உறுதியை நொத்தாரிசு எழுதவே கூடாது, எழுதினாலும் செல்லாது. வன்னியில் ‘சீதனம் எழுதித் தந்தது’ என்று வைத்திருக்கும் பல கடதாசிகள் இந்த வகை. செய்யக்கூடியது, அம்மா உயிருடன் இருக்கும்போதே மகளைப் பின்னுரித்தாளராக நியமித்து அதைப் பிரதேச செயலகத்தில் பதிவது. பதியாத நியமனம் பயன் தராது. அம்மப்பா விட்ட பிழையை அம்மா விடவில்லை.

கணவனின் உழைப்புக்கு? மேட்டுக்காணியில் அவர் வெட்டிய கிணறு, வைத்த 25 தென்னை, போட்ட வேலி ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாக ஒட்டி, இன்ன செலவு இன்னாருடையது என்று மூவரும் கையெழுத்திட்ட ஒரு பதிவு வைத்தார்கள். இது காணி உரிமை தராது. ஆனால் பின்னால் ஒரு பிணக்கு வந்து மத்தியஸ்த சபையில் இருந்தால் பேச ஒரு கடதாசி இருக்கும். இனி இருவர் காசில் உறுதிக்காணி வாங்கினால் உறுதியில் இரண்டு பெயரும் என்று முடிவு.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். கொப்பியும் விகிதமும் இருவரும் பயமில்லாமல் பேசக்கூடிய வீட்டுக்கு உரியவை. அடி, மிரட்டல், சம்பளத்தைப் பறித்தல், பூட்டி வைத்தல் உள்ள வீட்டில் மனைவி கொப்பி எழுதத் தொடங்கினால் அதுவே அடுத்த அடிக்குச் சாட்டாகும். அங்கே முதலில் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் 1938 என்ற தொலைபேசி இலக்கமும் வழிகாட்டுவார்கள்.

இப்போதைய நிலை

6 பவுணில் 4 மூட்டாயிற்று. அம்மா ஊன்றுகோலுடன் நடக்கிறார், கோழி திரும்ப அவர் பொறுப்பு. பிள்ளையின் காலை இரண்டு வருடமாகக் கணவனிடமே இருக்கிறது, விதைப்புக் கிழமைகள் தவிர. அந்தக் கிழமைகளில் மகள் லீவு எடுப்பதா, பக்கத்து வீட்டு மச்சாளிடம் கூலி கொடுத்து விடுவதா என்பது இன்னும் ஒவ்வொரு ஐப்பசியும் பேசவேண்டியதாக இருக்கிறது.

உடுப்புத் தோய்ப்பதையும் கணவன் எடுத்துக்கொண்டார். கொடி முன்வளவில் கட்டியிருக்கிறது, ரோட்டால் போகிற எல்லோருக்கும் தெரியும். குசினிக்குள் எதையும் செய்கிறவருக்கு அந்தக் கொடியில் பெண்சாதியின் உடுப்பைக் காயப்போடக் கூச்சம். கொடியைப் பின்வளவுக்கு மாற்றலாம் என்று அம்மா சொன்னார். பின்வளவில் மாமர நிழல், மாரியில் உடுப்புக் காயாது என்று மகள் மறுத்துவிட்டார். கணவன் இப்போது இரவு எட்டு மணிக்குப் பிறகு காயப்போடுகிறார்.